நாற்பத்தோராவது ஆட்டம்

எண்பத்திரண்டில் நாற்பது ஓடிவிட்டது.
பதினெட்டு ஜெயம், பதினெட்டு தோல்வி,
மிச்சம் நாலும் கூடுதல் நேரத்தில் கைவிட்டுப் போனவை.
எட்டு அணிகளில் வைகை நாரைகளுக்கு ஆறாம் இடம்.
பெயர் வைத்தது நான்தான்.
நாரைக் கால்களுக்குச் சறுக்குக் காலணி மாட்டிவிட்டதும் நான்தான்.

ஹாலிஃபாக்ஸில் ஒருவர் வேலை முடிந்து வீடு வந்து
ஆறு மணிக்குப் பொத்தானை அழுத்துவார்.
செல்லூரில் அப்போது பின்னிரவு இரண்டரை.
அம்மோனியா வாடைக்கு நடுவே
ஐஸ் கம்பெனி பில் மேசையில் என் போன் அதிரும்.
படம் கிடையாது, சத்தம் கிடையாது.
இன்னார் தட்டினார், இன்னார் தடுத்தார் என்று
வரிவரியாக எழுத்து மட்டும்.
அவர்கள் ஆட்டத்தில் ஜனவரி.
இங்கே அக்னி நட்சத்திரம் ஒன்பதாம் நாள்.

பனியில் யாரும் ஆடி நான் நேரில் பார்த்ததில்லை.
ஒருமுறை கணக்கு மட்டும் போட்டேன்:
இருநூறு அடிக்கு எண்பத்தைந்து அடி, ஓர் அங்குலக் கனம்.
தமுக்கத்தில் விரிப்பதானால்
ஐம்பது கிலோ பார் எழுநூற்று இருபது சொச்சம்.
எங்கள் தொட்டிக்கு ரெண்டு ராத்திரி வேலை.
எத்தனை நிமிஷம் நிற்கும் என்ற கணக்கை
வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

கவலையெல்லாம் கோல்கீப்பர்தான்.
ஆர்வோ லெஹ்டிமா, வயது முப்பத்தேழு.
சீசன் தொடங்கும்போது எண்பத்து நான்கு, இன்று எழுபத்தொன்பது.
திங்களுக்குத் திங்கள் எந்திரம் கொஞ்சம் சீவுகிறது.
பிறக்கவே பிறக்காத மனிதனுக்கு
முழங்கால் தேய்கிறது.

நாகர்கோவில் பெர்க்மான்ஸ்,
லீக்கில் என்னை விட்டால் தமிழ் பேசும் ஒரே ஆள்,
போன வாரம் எழுதியிருந்தார்:
"கிழவனைத் தாரும். பத்தொம்பது வயசுப் பயல் ஒருத்தனைத் தாறேன்,
மேல ரெண்டாம் சுற்றுத் தேர்வும் ஒண்ணு.
சனிக்கிழமைக்குள்ள சொல்லும்."
நியாயமான விலை. அதுதான் எரிச்சல்.

நேற்று இரண்டு இருபத்தெட்டுக்குக் கரண்ட் போனது.
போனில் சிக்னலும் செத்தது.
ஜெனரேட்டர் இருமி இருமி உயிர்பிடிக்கும்வரை
சுருளி இருட்டிலேயே லோடு தள்ளினான்.
கொக்கியால் ஓர் இழுப்பு, பாதத்தால் ஓர் உதை,
ஈரத்தரையில் பார் தானாகப் போய்
ஆட்டோவின் பின்பலகையில் மெத்தென்று நின்றது.
பதினொன்று அப்படிப் போயின.
பன்னிரண்டாவது நிலைப்படியில் இடித்தது,
விரிந்த சத்தம் மட்டும் கேட்டது.

வெளிச்சம் வந்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது.
முதலிடத்து அணியோடு. மூன்றுக்கு இரண்டு.
கூடுதல் நேரம், நாலாவது நிமிஷம்.
மேலே உருட்டி உருட்டிப் படித்தேன்.
லெஹ்டிமா தடுத்தார். லெஹ்டிமா தடுத்தார்.
லெஹ்டிமா தடுத்தார், பந்தல்ல, அந்தக் கறுப்பு வில்லையை,
நாற்பத்தேழில் நாற்பத்து நாலு முறை.

"ஜெயிச்சமாண்ணே?"
"தோத்துட்டோம். ஆனா ஒரு புள்ளி உண்டு."
"தோத்ததுக்கா?"
"கூடுதல் நேரத்துல தோத்தா ஒண்ணு. ஜெயிச்சா ரெண்டு."
சுருளி கொக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தான்.
"விரிஞ்ச பாருக்குப் பாதி ரேட்டு போடுறோம்ல,
அந்தக் கணக்கு."

நாற்பத்தொரு ஆட்டம், நாற்பத்தொரு புள்ளி.
பெர்க்மான்ஸுக்கு 'தர்றதா இல்ல' என்று அடித்தேன்.
அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.
மாட்டுத்தாவணி மீன் வண்டிக்கு
முழுசு பதினொன்று, பாதி ஒன்று என்று
பில்லைக் கிழித்துக் கொடுத்தேன்.
நனைந்த சாக்கை உதறிக்கொண்டே
வாசலில் நின்று சுருளி கேட்டான்,
"நாளைக்கும் அந்த ஆளுதான நிக்கிறாரு?"